பி.கே. வைரஸ்: புது மருந்துகள் தந்த நோயா?

மாற்றுச் சிறுநீரகத்தைப் பாழாக்கும் பி.கே. வைரஸ் நோயின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1990களின் நடுவில் தொடங்குகிறார்கள். உடலின் எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் மருந்துகளான மைகோபினோலேட் 1995இலும் டாக்ரோலிமஸ் 1997இலும் சிறுநீரக மாற்றுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றன. நோயும் பின்னாலேயே வந்தது என்பது அவர்கள் கணக்கு. இந்தக் கணக்குக்கு வலுச் சேர்த்தது சுவிட்சர்லாந்தின் பாசெல் குழு. பினே, நிக்கலைட், ஹிர்ஷ் முதலானோர் 1999இல் வெளியிட்ட கட்டுரை, புதிய எதிர்ப்பாற்றல் ஒடுக்கு மருந்துகளின் கீழ் தோன்றும் நோய் என்று தலைப்பிலேயே தீர்ப்பைச் சொல்லிவிட்டது. மருந்தின் மொத்தச் சுமைக்கும் நோய்க்கும் உறவு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அந்தப் பழியைக் குறிப்பிட்ட மருந்துகள் மீது ஏற்றியதைத்தான் மறுக்கிறேன்.

1971 ஜூனில் ‘லான்செட்’ இதழில் கார்ட்னர், ஃபீல்டு, கோல்மன், ஹியூம் ஆகியோர் எழுதிய கட்டுரைக்குத் திரும்புவோம். சிறுநீரகம் மாற்றிச் சில மாதங்களான ஒரு நோயாளிக்குச் சிறுநீர்க்குழாய் சுருங்கி அடைத்துக்கொண்டது. சிறுநீரில் கரு பெருத்த விநோதச் செல்கள் உதிர்ந்தன. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைரஸ் துகள்கள் கூட்டமாகத் தெரிந்தன. அவருடைய பெயரின் முதலெழுத்துகளே வைரஸின் பெயராயின. டாக்ரோலிமஸ் அப்போது பிறக்கவே இல்லை; அசாதியோப்ரினும் ஸ்டீராய்டும் கோலோச்சிய காலம் அது.

அந்தச் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்துக் குரங்குச் சிறுநீரகச் செல்களில் வளர்த்த கார்ட்னர் வகையை நான் இங்கே தனியாகப் பார்க்க விரும்புகிறேன். இவ்வைரஸின் மரபணுக்களை முடுக்கும் கட்டுப்பாட்டுப் பகுதியை ஓ, பி, கியூ, ஆர், எஸ் என்று ஐந்து துண்டுகளாகக் குறிப்பது வழக்கம். நலமாயிருப்பவர்களின் சிறுநீரில் பொதுவாக இந்த வரிசை குலையாத மூலவகையே கிடைக்கும். கார்ட்னர் வகையில் வரிசை குலைந்திருக்கிறது. இது ஆய்வகக் கோளாறு என்று ஒதுக்குவது எளிது. செல்களில் திரும்பத் திரும்ப வளர்த்தால் வேகமாகப் பெருகும் வகையே மிஞ்சும் என்பதும் உண்மை. ஆனால் கோசெர்ட்டும் சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களின் உடலுக்குள்ளேயே இத்தகைய குலைவு நேர்வதும், அவர்கள் ரத்தத்தில் வைரஸ் மிகுந்திருப்பதும் தெரியவந்தன. அப்படியானால் 1971இன் நோயாளியிடமே அந்தக் குலைவு தொடங்கியிருக்கலாம். பழைய மருந்துகளின் கீழேயே வைரஸ் நெடுங்காலம் தங்குதடையின்றிப் பெருகியது என்பதற்கு அது சாட்சியாகும். வளர்ப்புக்கு முந்திய மூலச் சிறுநீரைச் சோதித்தாலன்றி இதை நிறுவ முடியாது. சாட்சி மெலிந்ததுதான், ஆனாலும் எதிர்த்தரப்பின் காலவரிசையைவிட மெலிந்ததன்று.

1978இல் மெக்கென்சி குழு, மாற்றுச் சிறுநீரகத்தில் இவ்வைரஸால் வந்த திசு அழற்சியைப் பதிவு செய்தது. டாக்ரோலிமஸுக்கு முந்திய சைக்ளோஸ்போரின்கூடப் பரவலாகாத காலம் அது. ஓரிரு நோயாளிகளை வைத்து வரலாறு எழுத முடியாது என்பார்கள். சரி, பாசெல் குழுவின் சொந்த ஆய்வையே எடுத்துக்கொள்வோம். 2002இல் ஹிர்ஷ் தலைமையில் 78 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஐவருக்கு நோய் வந்தது. உறுப்பு நிராகரிப்பை அடக்கத் தரும் சிகிச்சை, அதிலும் ஸ்டீராய்டு, வைரஸ் பெருக்கத்தோடு இணைந்து நின்றது. ஸ்டீராய்டு எந்தக் கணக்கில் புது மருந்து?

2005இல் பிரென்னன் குழு 200 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தது. டாக்ரோலிமஸ் பெற்றவர்களுக்கும் சைக்ளோஸ்போரின் பெற்றவர்களுக்கும் ரத்தத்தில் வைரஸ் தோன்றுவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ரத்தத்தில் வைரஸ் தென்பட்டதும் அசாதியோப்ரினையோ மைகோபினோலேட்டையோ நிறுத்தினார்கள். அந்த ஓராண்டில் இவ்வைரஸால் ஒருவருக்கும் சிறுநீரகம் பாழாகவில்லை. பழையதோ புதியதோ, மருந்தைக் குறைத்தால் வைரஸ் பின்வாங்குகிறது. வேறொரு வைரஸிலும் இதே கதைதான்: 1984இலேயே உறுப்புமாற்று மருத்துவர் ஸ்டார்சல், எப்ஸ்டீன்-பார் வைரஸோடு வரும் நிணநீர்க் கட்டிகள் மருந்தைக் குறைத்ததும் சுருங்குவதைக் காட்டியிருந்தார்.

எதிர்ச் சான்றை மறைப்பது முறையாகாது. 2013இல் வந்த பல்மைய ஆய்வில், ஓராண்டு முடிவில் ரத்தத்தில் வைரஸ் இருந்தவர்கள் டாக்ரோலிமஸ் பிரிவில் 12.1 சதவீதம், சைக்ளோஸ்போரின் பிரிவில் 4.8. இந்த வேறுபாட்டைத் தட்டிக்கழிக்க முடியாது. மருந்தின் வகையால் வந்ததா, ஒடுக்கும் வீரியத்தால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல அந்த எண்கள் போதாது. என் சாய்வு இரண்டாவதன் பக்கம்.

எஞ்சுவது 1978க்கும் 1995க்கும் இடைப்பட்ட மௌனம். இந்த வைரஸ் தரும் அழற்சி பயாப்சியில் நிராகரிப்பைப் போலவே தெரியும்; அப்படி நினைத்து ஸ்டீராய்டைக் கூட்டினால் வைரஸ் கொழிக்கும், சிறுநீரகம் போகும், ஏட்டில் ‘நிராகரிப்பால் இழப்பு’ என்று ஏறும். அன்று நோய் இல்லையா, இருந்தும் இப்படிப் பெயர் மாறியதா? அக்காலத்துப் பயாப்சி மெழுகுக் கட்டிகள் மருத்துவமனைக் கிடங்குகளில் மிச்சமிருந்தால், இவ்வைரஸைக் காட்டிக்கொடுக்கும் எஸ்.வி.40 சாயமிட்டு அவற்றை மறுபடி பார்க்கலாம். அதுவரை நோயின் தொடக்கத்துக்கு ஆண்டு குறிக்க நான் தயங்குகிறேன்.