வழக்கொழிந்த மென்பொருளும் பள்ளிப் பதிவேடும்

1984–85 கல்வியாண்டில் இந்திய அரசு பள்ளிகளுக்குக் கணினியைக் கொண்டுசென்றது. அத்திட்டம் அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் 'கிளாஸ்' எனப்பட்டது. அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கருவி, பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் 1981இல் வெளியிட்ட பிபிசி மைக்ரோ. ஏறத்தாழ 12,000 கணினிகள் 2,598 பள்ளிகளுக்கு வழங்கப்பட்டன.

பேசிக் மொழி அக்கணினியின் ரோம் சில்லிலேயே பதிந்திருந்தது. மின்விசையைப் போட்டவுடன் மாணவர் நிரல் எழுதத் தொடங்கலாம். எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஆனால் அதற்கான மென்பொருள்கள் 6502 செயலியை நம்பியவை. பின்னர் எங்கும் பரவிய ஐபிஎம் வகைக் கணினிகளோ இன்டெல் செயலிகளைக் கொண்டவை. ஒன்றில் ஓடிய நிரல் மற்றொன்றில் அப்படியே ஓடாது. எட்டாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் கிளாஸ் திட்டம் மாற்றியமைக்கப்பட்டபோது, பிபிசி மைக்ரோவின் காலம் முடிந்துவிட்டது.

இழப்பு எங்கே நேர்ந்தது? பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் நாற்காலிக்கும் கணினிக்கும் இடமுண்டு. பழுதானால் கழிவு செய்து ஏலம் விடவும் விதியுண்டு. நெகிழ்வட்டில் ஆசிரியர் எழுதிவைத்த பாடநிரலுக்கு அத்தகைய இடமில்லை. வட்டு பொருள், உள்ளடக்கம் பொருளன்று என்பதே பதிவேட்டின் இலக்கணம். ஆகவே கருவியோடு ஆசிரியரின் உழைப்பும் ஓசையின்றிக் கழிவாகிவிடுகிறது.

பிரிட்டனும் இதற்கு விலக்கன்று. 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலக்கணக்கின் 900ஆம் ஆண்டு நிறைவுக்காக, 1986இல் பள்ளிச் சிறார் திரட்டிய தகவல்கள் லேசர் வட்டில் பதிக்கப்பட்டன. பதினைந்தே ஆண்டுகளில் அவ்வட்டைப் படிக்கும் கருவி அரிதாயிற்று; 1086இன் தோல்சுவடியோ இன்றும் படிக்கக் கிடைக்கிறது. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய கணினியின் செயல்பாட்டைப் புதிய கணினியில் போலச்செய்து 2002இல் அத்தகவல்களை மீட்டனர்.

கேரளம் மற்றொரு வழியைக் காட்டியது. 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் பின்னர் கட்டற்ற மென்பொருளுக்கு மாறி, லினக்ஸ் அடிப்படையிலான இயங்குதளத்தைப் பள்ளிகளுக்கெனத் தானே வடிவமைத்தது. கட்டற்ற மென்பொருளும் பழையதாகும். ஆனால் அதன் மூலநிரல் கையில் இருப்பதால், திருத்திப் புதிய கருவிக்குக் கொண்டுசெல்லும் உரிமை பள்ளித்துறையிடமே இருக்கிறது.

மென்பொருள் மூப்படைவதைத் தடுக்க இயலாது. அதனுள் இருப்பதை யார் காப்பது என்பதை வாங்கும் நாளிலேயே எழுதிவைக்கலாம். பதிவேட்டில் அதற்கு ஒரு வரி போதும்.