எத்தனை கல் தொலைவு?

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நின்று பார்க்கிறோம். கடலென விரிந்து கிடக்கிறது நீர். கழனிகளை வாழவைத்த அந்நீர், இன்று தலைநகரின் தாகத்தையும் தணிக்கிறது. நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைத் தூய்மையாக்கும் நிலையம் 2007இல் இங்கே இயங்கத் தொடங்கிற்று. ஏரியின் நீர் நகருக்குச் செல்ல வழி கண்டோம், நன்று. நகரின் மருத்துவமும் கல்வியும் சிற்றூரின் கடைசி வீட்டுக்கு வந்து சேர வழி கண்டோமா?

தொலைவு என்றதும் கல் கணக்கையே எண்ணுகிறோம். நாட்டின் வரலாறோ வேறொரு கணக்கையும் காட்டுகிறது. ஊர்க் கிணறு கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஆனால் சேரி மக்களுக்கு அது எட்டாத் தொலைவு! பொதுப்பாதை கண்ணெதிரே கிடந்தது. அதில் கால்வைக்க உரிமை இல்லை! இந்தச் செங்கற்பட்டுச் சீமையிலே பிறந்த ரெட்டமலை சீனிவாசன், 1924இல் சென்னைச் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுப்பாதையும் கிணறும் பொது இடங்களும் ஒடுக்கப்பட்டோருக்கும் உரியவை என்றது அத்தீர்மானம். நீதிக்கட்சி ஆட்சி அதனை அரசாணையாக்கிற்று.

பின்னர்ப் பேருந்து வந்தது. தொலைவு குறையும் என்றனர். யாருக்குக் குறைந்தது? தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுத்த பேருந்துகளும் ஓடின! இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், அவ்வாறு மறுக்கும் பேருந்துகளின் உரிமம் பறிக்கப்படும் என்று ஆணையிட்டார். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவரே.

மனிதன் வகுத்த தொலைவை மனிதனே குறைக்க முடியும் என்பதற்கு இவை சான்றுகள். காமராசர் ஆட்சியில் சின்னஞ்சிறு ஊர்களுக்கும் தொடக்கப்பள்ளி நடந்து வந்தது. 1997இல் சிற்றூர்களுக்குச் சிற்றுந்து விடும் திட்டம் பிறந்தது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்கின்றனர். வரவேற்கிறோம். ஆனால், பேருந்தே வராத சாலையில் கட்டணமில்லாப் பயணத்தால் பயன் என்ன?

மருத்துவத்தைப் பாருங்கள். சர் ஜோசப் போர் தலைமையிலான குழு 1946இல், 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையமேனும் உடனடியாக வேண்டும் என்றது. இன்றைய அளவுகோல், சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று. தலைகளை எண்ணினார்கள்; கால்கள் நடக்கும் தொலைவை எண்ணினார்களா? நிலையத்தை அடுத்து வாழ்பவனும் ஏரிக்கு அப்பால் வாழும் மூதாட்டியும் ஏட்டில் ஒரே கணக்கு. வெயிலில் நடப்பவளுக்கோ அது வேறு கணக்கு!

ஆசிரியர்களாகிய நாம் இதை அன்றாடம் காண்கிறோம். முதற் பாடவேளை முடியும்போது மூச்சிரைக்க வகுப்பினுள் நுழையும் மாணவியை அறிவோம். நாளை அவள் படிப்பை நிறுத்திவிட்டால், 'அவள் தலைவிதி' என்று ஊரார் கூறுவர். விதியன்று, தோழர்களே! வாராத பேருந்து அது. தொலைவில் கட்டிய உயர்நிலைப்பள்ளி அது. பிரம்மன் எழுதியதன்று, அலுவலகத்தில் மனிதர் எழுதியது. எழுதியதைத் திருத்தலாம்.

இந்த ஏரியின் முழு மட்டம் 24 அடி. 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பின், மழைக்காலத்தில் ஓரடி ஏறினாலும் நகரமே விழித்துக்கொள்கிறது. நீருக்கு அளவுகோல் உண்டு; மருந்துக்காக நடக்கும் மூதாட்டியின் காலடிக்கு அளவுகோல் எங்கே?

இளைஞர்களே, அந்த அளவுகோலை நீங்கள் எடுங்கள். ஊரின் நடுவிலிருந்து அளக்காதீர். சேரியின் கடைசிக் குடிசையிலிருந்து அளந்திடுவீர். பள்ளிக்கு எவ்வளவு, மருத்துவருக்கு எவ்வளவு, நியாயவிலைக் கடைக்கு எவ்வளவு, நூலகத்துக்கு எவ்வளவு என்று குறித்து, கிராமசபையில் எழுந்து படியுங்கள். கெஞ்ச வேண்டியதில்லை, கணக்குக் கேளுங்கள். தொலைவைக் குறைப்பது தொண்டன்று, நீதி!