பூட்டில்லாத வாசல்

முனையத்தில் ஓர் அடைவுக்குள் போய், பைஎஃப்டிபிடிலிப் என்ற பைதான் தொகுதியை ஒற்றை வரியில் ஓட விடுகிறேன். அவ்வளவுதான், என் மடிக்கணினி கோப்பு வழங்கியாகிவிட்டது. பெயர் சொல்லாமல் யாரும் வந்து கோப்புகளை எடுத்துப்போகலாம், எதையும் மாற்ற முடியாது. காத்திருக்கும் போர்ட் 2121. எஃப்டிபிக்கு உரிய எண் 21தான். ஆனால் யூனிக்ஸ் மரபில் 1024க்குக் கீழே உள்ள போர்ட்டைத் திறக்க ரூட் அதிகாரம் வேணும். அதனால்தான் இந்த மாற்று எண்.

இந்த ஒற்றை வரிக்குப் பின்னால் அரை நூற்றாண்டு இருக்கிறது. அலகாபாத்தில் பிறந்து, ஐஐடி கான்பூரின் முதல் அணியில் படித்துவிட்டு எம்ஐடிக்குப் போனவர் அபய் பூஷண். 1971 ஏப்ரலில் அவர் எழுதிய ஆர்எஃப்சி 114தான் எஃப்டிபியின் முதல் வரைவு. டிசிபி/ஐபி அப்போது பிறக்கவே இல்லை. அர்ப்பாநெட்டில் இருந்த கணினிகளோ ஆளுக்கொரு சாதி. பிடிபி-10க்கு ஒரு சொல் என்றால் 36 பிட். ஐபிஎம் 360க்கு 32. ஒன்று ஆஸ்கியில் எழுதும், இன்னொன்று எப்சிடிக்கில். இவை எப்படிப் பேசிக்கொள்ளும்? எழுத்துக் கோப்பா, அப்படியே பிட் மாறாமல் போகவேண்டிய கோப்பா என்று முன்கூட்டியே சொல்லச் சொன்னது எஃப்டிபி. பின்னாளில் நாம் பார்த்த ஆஸ்கி, பைனரி முறைகளின் வேர் அங்கேதான்.

அதன் பேச்சு மனிதர்களுக்கும் புரியும். டெல்நெட்டில் 21ஆம் கதவைத் தட்டினால் 220 என்று வரவேற்கும். பெயரைச் சொன்னால் 331: கடவுச்சொல் எங்கே? சரியாக இருந்தால் 230, உள்ளே வா. 2 என்றால் ஆச்சு, 5 என்றால் ஆகாது. மின்னஞ்சலின் எஸ்எம்டிபியும் வலையின் 404ம் இந்த மூன்றிலக்க வழக்கத்தின் வாரிசுகள். எஸ்எம்டிபி 1980களின் தொடக்கத்தில் வரும்வரை மின்னஞ்சலே எஃப்டிபியின் தோளில்தான் பயணித்தது.

அந்தப் பேச்சில் கடவுச்சொல்லும் அப்பட்டமாகவே போகும். வழியில் ஒட்டுக்கேட்பவர் அப்படியே படித்துவிடலாம். ஒருவரையொருவர் அறிந்த சில ஆய்வுக்கூடங்களுக்கு அது போதுமாக இருந்தது. ஊர் பெருத்த பிறகு போதவில்லை. டெபியன் 2017இல் தன் பொது எஃப்டிபி சேவையை மூடியது. 2021இல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் கைவிட்டன. இன்று பலர் பயன்படுத்தும் எஸ்எஃப்டிபி பெயரில்தான் உறவு. அது எஸ்எஸ்எச் குடும்பத்துப் பிள்ளை.

பூட்டு வந்ததில் எனக்குக் குறையில்லை. பூட்டோடு சேர்ந்து இன்னொரு பழக்கமும் போய்விட்டதே என்பதுதான் என் ஆதங்கம். ‘அனானிமஸ்’ என்று பெயர் கொடுத்து, கடவுச்சொல்லுக்குப் பதில் மரியாதைக்கு நம் மின்னஞ்சல் முகவரியைத் தந்து, முன்பின் தெரியாத பல்கலைக்கழகத்தின் அடைவுகளில் உலவிய காலம் ஒன்று இருந்தது. தன்னிடம் உள்ளதைத் தன் கணினியிலிருந்தே ஊருக்குத் திறந்துவைப்பது அன்று சாதாரணம். இன்று பக்கத்து அறைக்கு ஒரு படம் அனுப்பக்கூட ஏதோவொரு நிறுவனத்தின் கிடங்கு வழியாகச் சுற்றிவருகிறோம்.

அதனால்தான் வீட்டு வலைக்குள் மட்டும் அந்த ஒற்றை வரியை இன்னும் வைத்திருக்கிறேன். வேலை முடிந்ததும் கண்ட்ரோல்-சி. கதவு சாத்தியாச்சு.