அடுக்குப் பெட்டியும் நியூட்டன் பாதிரியாரும்

ரொம்ப நாளா ஆணி அதிகம், இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே முடியல. வீட்டுப் பின்னாடி ஒரு தேன் பெட்டி வச்சிருக்கேன்னு நண்பர்கள் சிலர்கிட்ட சொல்லியிருந்தேன். எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "தேன் எப்ப வரும்?" தேன் இன்னும் வரல. ஆனா அந்தப் பெட்டியைத் தோண்டப் போய் ஒரு சரித்திரம் வந்துச்சு. இந்தப் பதிவு அதைப் பத்தி. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதல்ல சோகக் கதையைச் சொல்லிடறேன். எங்க ஊர் திருப்பாச்சூர். திருவள்ளூர்லேர்ந்து திருத்தணி போற வழியில வரும். வாசீஸ்வரர் கோயிலால ஊருக்குப் பேரு. சம்பந்தரும் அப்பரும் பாடின தலம். பாசுன்னா மூங்கில், ஒரு காலத்துல இது மூங்கில் காடுன்னு சொல்லுவாங்க. இப்ப காடு இல்ல. ஆனா வீட்டைச் சுத்தி முருங்கை, வேம்பு, புங்கை, தென்னை இருக்கு. தேனீக்கு இது போதும்னு நெனச்சேன். பெரிய பெட்டியா வாங்கினா நெறைய தேன் வரும்னு கணக்குப் போட்டு, 10 சட்டம் பிடிக்கிற பெட்டி ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். வித்தவர், "எல்லா தேனீயும் இதுல இருக்கும் சார்" அப்படின்னார். நம்ம அடுக்குத் தேனீ கூட்டம் ஒண்ணையும் பிடிச்சு உள்ள விட்டாச்சு.

எங்க ஆயா திண்ணையில குந்திக்கினு பார்த்துட்டு சொன்னாங்க: "இன்னாடா இது, நாலு பேருக்குக் கல்யாண மண்டபம் புடிச்ச மாதிரி கீது?"

அஞ்சாவது வாரம் பெட்டி காலி. ஒரு ஈ கிடையாது. தொறந்து பார்த்தா அடை பூரா மெழுகுப்பூச்சி நூல் கட்டி வச்சிருக்கு. ரெண்டு நாளைக்கு எனக்கு சோறு இறங்கல. காசு போனது ஒரு பக்கம். நம்மள நம்பி வந்த ஒரு குடும்பத்தைத் துரத்திட்டோமேன்னு இருந்துச்சு.

ஏன் போச்சுன்னு தேட ஆரம்பிச்சப்பதான் தெரிஞ்சுது, நான் செஞ்ச அதே தப்பை 100 வருஷத்துக்கு முன்னாடியே பெரிய பெரிய ஆளுங்க செஞ்சிருக்காங்க. அதைச் சரி பண்ணினவர் ஒரு பாதிரியார்.

8 மில்லிமீட்டர் இடைவெளி

கதை அமெரிக்காவுல ஆரம்பிக்குது. லாங்ஸ்ட்ராத்னு ஒருத்தர், அவரும் பாதிரியார்தான். 1851-ல அவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டுச்சு. கூட்டுக்குள்ள ரெண்டு பரப்புக்கு நடுவுல ஒரு குறிப்பிட்ட இடைவெளி, கிட்டத்தட்ட 6-லேர்ந்து 9 மில்லிமீட்டர், இருந்தா தேனீ அதை நடைபாதையா விட்டுடும். அதைவிடக் குறைஞ்சா பிசின் வச்சு அடைச்சிடும். அதிகமானா அங்கயும் அடை கட்டிடும். (நம்ம ஊர் அடுக்குத் தேனீ பிசின் சேர்க்கறதில்ல, ஆனா இடைவெளிக் கணக்கு அதுக்கும் உண்டு.)

இதுல என்ன இருக்குன்னு கேக்கலாம். அதுவரைக்கும் தேன் எடுக்கணும்னா கூட்டை அறுக்கணும். புழு, முட்டை எல்லாம் சேர்த்துப் பிழியணும். நம்ம ஊர்லயும் அப்படித்தான்: புகை போட்டு விரட்டி, அடையைத் துணியில கட்டிப் பிழியறது. தேன் ஒரு தடவை கிடைக்கும், கூடு அழிஞ்சிடும். சரியான இடைவெளி விட்டு மரச்சட்டங்களைத் தொங்கவிட்டா, தேனீ ஒவ்வொரு சட்டத்துக்குள்ளயும் தனித்தனியா அடை கட்டும். எதை வேணா உருவிப் பார்க்கலாம், திரும்ப வைக்கலாம். நம்ம பாஷையில சொன்னா, மொத்தமா ஒட்டிக் கிடந்த ப்ரோகிராமைத் தனித்தனி மாட்யூலா பிரிச்சுட்டார் மனுஷன். 1852-ல காப்புரிமை வாங்கினார், 1853-ல புத்தகமும் எழுதினார்.

அப்புறம் மத்தவங்க வரிசையா வந்தாங்க. 1857-ல ஜெர்மனியில மேரிங், அறுகோண அச்சு பதிச்ச மெழுகுத் தாளைச் செஞ்சார். 1865-ல ருஷ்கா, அடையைச் சுத்திவிட்டுத் தேனை மட்டும் தெறிக்க வைக்கிற இயந்திரம் செஞ்சார். 1870-கள்ல குவின்பியோட துருத்தி வச்ச புகைப்பான். இருபத்தஞ்சு வருஷத்துக்குள்ள முழு செட்டும் ரெடி.

இறக்குமதி ஆன தப்பு

இந்த செட் இந்தியாவுக்கு வந்தப்பதான் சிக்கல். 1880-கள்ல வங்காளத்துலயும், அப்புறம் பஞ்சாப், குலு பக்கமும் முயற்சி பண்ணினாங்க. தபால் தந்தித் துறையில இருந்த டக்ளஸ்னு ஒரு அதிகாரி 1884-ல இந்தியாவுக்கான தேனீ வளர்ப்புக் கையேடே போட்டார். ஐரோப்பியத் தேனீயையும் கொண்டு வந்து பார்த்தாங்க. எதுவும் நிலைக்கல.

காரணங்கள்ல ஒண்ணு அளவு. நம்ம அடுக்குத் தேனீ உருவத்துல சின்னது. கூட்டத்தோட எண்ணிக்கையும் குறைவு. மரப்பொந்துலயோ சுவர் ஓட்டையிலயோ அடுக்கடுக்கா ஆறேழு அடை கட்டி வாழற ஜாதி. அடைக்கு அடை இருக்கிற தூரமும் ஐரோப்பியத் தேனீயைவிடக் குறைச்சல், அறுகோண அறையும் சின்னது. அதைக் கொண்டுபோய் லாங்ஸ்ட்ராத் பெட்டியில விட்டா மொத்த இடத்தையும் காவல் காக்க ஆள் பத்தாது. ஆள் நிக்காத அடையில மெழுகுப்பூச்சி முட்டை போடும். அதோட இந்த ஜாதிக்கு ஒரு சுபாவம் உண்டு: இடம் பிடிக்கலைன்னா சொல்லிக்காம கெளம்பிடும். ஆயா சொன்ன கல்யாண மண்டபக் கணக்கு அப்படியே பொருந்துது பாருங்க.

நியூட்டன் (ஆப்பிள் நியூட்டன் இல்ல)

1911-க்கும் 1917-க்கும் நடுவுல தென்னிந்தியாவுல வேலை செஞ்ச நியூட்டன் பாதிரியார் இதைத் தலைகீழா யோசிச்சார். பெட்டிக்குத் தேனீயைப் பழக்காம, தேனீயோட அளவுக்குப் பெட்டியைச் சுருக்கினார். அதுதான் நியூட்டன் பெட்டி. இன்னிக்கும் தமிழ்நாட்டுல அடுக்குத் தேனீ வளர்க்க அதிகம் பயன்படறது இதோட வடிவம்தான்.

பாகங்கள் இவ்வளவுதான். ஒரு கால் ஸ்டாண்டு. அது மேல அடிப்பலகை, முன்பக்கம் வாசல். அது மேல புழு அறை, 7 சட்டம். ஒவ்வொரு சட்டமும் உள்பக்கம் சுமார் 20 செ.மீ. அகலம், 14 செ.மீ. உயரம். அதாவது லாங்ஸ்ட்ராத் சட்டத்துல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு. புழு அறைக்கு மேல தேன் அறை: அதே நீள அகலம், உயரம் மட்டும் பாதிக்கும் குறைவு. அதுக்கு மேல மூடி. எதுவும் ஆணி அடிச்சு இணைக்கறதில்ல, ஒண்ணு மேல ஒண்ணு உக்காரும். கூட்டம் பெருத்தா இன்னொரு தேன் அறையை ஏத்தலாம், சுருங்கினா இறக்கலாம்.

இந்த அடுக்குல ஒரு சூட்சுமம் இருக்கு. தேனீ பொதுவா தேனை மேல சேர்க்கும், ராணி கீழ முட்டை போடும். தேன் அறை உயரம் கம்மிங்கறதால ராணி பெரும்பாலும் மேல ஏற மாட்டா. ஆக மேல் அடுக்குல சுத்தமான தேன், கீழ் அடுக்குல குஞ்சு குட்டி. மேல் சட்டத்தை மட்டும் உருவி, மூடியைச் சீவி, இயந்திரத்துல சுத்தித் தேனை எடுத்துட்டு, காலி அடையைத் திரும்ப வச்சிடலாம். ஒரு புழு சாகாது. தேனீக்கு மறுபடி அடை கட்டற வேலையும் மிச்சம்.

இன்னொண்ணு, உள்ளூர் ஆசாரியே இதைச் செஞ்சிடலாம். கையில தூக்கிட்டுப் போற கனம்தான். நியூட்டன் பெட்டியோட நிக்கல, கிராமத்து ஆளுங்களுக்குப் பழக்கியும் விட்டார். தேனீ வளர்ப்பு திருவிதாங்கூர்ல 1917-லயும், மைசூர்ல 1925-லயும், சென்னை மாகாணத்துல 1931-லயும் முறையா ஆரம்பிச்சதுன்னு வரலாறு சொல்லுது. 1928-ல ராயல் விவசாயக் கமிஷனும் இதைக் குடிசைத் தொழிலா வளர்க்கலாம்னு சொல்லிடுச்சு.

மார்த்தாண்டம்

பெட்டி ஊர் ஊராப் பரவணும்னா ஒரு ஆள் வேணும். 1920-கள்ல அமெரிக்காக்காரர் ஸ்பென்சர் ஹாட்ச், ஒய்.எம்.சி.ஏ. சார்பா மார்த்தாண்டத்துல கிராம மறுசீரமைப்பு மையம் நடத்தினார். அப்ப அது திருவிதாங்கூர் சமஸ்தானம். தமிழ்நாட்டோட சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல. கோழி, நெசவு மாதிரி, நிலமே இல்லாதவங்களும் வீட்டுலேர்ந்து செய்யற தொழில்களைத்தான் அவர் தேடினார். தேனீ வளர்ப்பு அதுல கச்சிதமா உக்காந்துச்சு. தேனீக்கு நிலப்பட்டா தேவையில்ல, அடுத்தவன் தோப்புல போய் மேஞ்சுட்டு வரும்! இந்த அனுபவத்தை எல்லாம் வச்சு 1932-ல ஹாட்ச் புத்தகமும் எழுதினார்.

அந்தப் பக்கம் ரப்பர் தோட்டம் வேற. ரப்பர் மரத்துல தேன் பூவுல இல்ல, தளிர் இலைக் காம்புல சுரக்கும். இலை உதிர்ந்து துளிர்க்கிற ஜனவரி முதல் மார்ச் வரைக்கும் கொட்டும். பெட்டிகளை வண்டியில ஏத்தித் தோட்டம் தோட்டமா மாத்தற பழக்கம் வந்துச்சு. சுதந்திரத்துக்கு அப்புறம் காதி கிராமத் தொழில் ஆணையம் இதைக் கையில எடுத்துச்சு. 1962-ல புனேயில மத்தியத் தேனீ ஆராய்ச்சி நிலையம் வந்துச்சு.

எல்லாம் போன வருஷம்

அப்புறம் 1991-92. தாய் சாக்புரூட்னு ஒரு வைரஸ். 1976-ல தாய்லாந்துல கண்டுபிடிச்சது, 1978-ல மேகாலயாவுக்கு வந்து, கடைசியா தெற்கே எறங்குச்சு. புழு கூட்டுப்புழுவா மாறாது. தோலுக்குள்ள தண்ணி கோத்து ஒரு பையாத் தொங்கிச் செத்துடும். பெரிய தேனீக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா அடுத்த தலைமுறையே இல்லாம போயிடும். கேரளாவுல 90 சதவீதத்துக்கு மேல கூட்டங்கள் அழிஞ்சதுன்னு சொல்றாங்க. மார்த்தாண்டம் பக்கமும் பலத்த அடி. ஆயிரக்கணக்கான வீட்டுக் கொல்லையில காலிப் பெட்டி.

இத்தாலியத் தேனீயைக் கொண்டு வரலாம்னு அப்ப பலர் போனாங்க. 1960-கள்லயே இமாச்சலத்துல நக்ரோட்டாவுல அது வெற்றிகரமா வளர ஆரம்பிச்சிருந்தது. நெறைய தேன் தரும், உண்மைதான். ஆனா அதுக்குப் பெரிய பெட்டி, தீவனம், மருந்துன்னு செலவு ஜாஸ்தி. கொல்லையில ரெண்டு பெட்டி வச்சிருக்கிறவரால முடியாது.

அடுக்குத் தேனீ என்ன ஆச்சு? அழியல. வைரஸைத் தாக்குப்பிடிச்ச கொஞ்சம் கூட்டங்கள் மிஞ்சுச்சு. வளர்க்கிறவங்க அதையே பிரிச்சுப் பிரிச்சுப் பெருக்கினாங்க. இன்னிக்கு மார்த்தாண்டத்துல தேன் எடுக்கறாங்கன்னா அந்த மிச்சத்தோட வாரிசுங்கதான். அவங்க காலிப் பெட்டியை அடுப்புல போடாம, பரண்ல ஏத்தி வச்சிருந்த நம்பிக்கையை நெனச்சா எனக்கு என்னவோ பண்ணுது. நான் ஒரு கூட்டம் போனதுக்கே ரெண்டு நாள் சாப்பிடல.

என் பெட்டி, பார்ட் 2

இப்ப ரெண்டாவது முயற்சி. நியூட்டன் அளவுல எங்க ஊர் ஆசாரிகிட்டயே சொல்லிச் செஞ்சேன். அளவெல்லாம் மில்லிமீட்டர்ல எழுதிக் குடுத்தேன். அவர் சிரிச்சுட்டு, "இன்னா தம்பி, பொட்டி செய்யச் சொல்றியா, கடியாரம் செய்யச் சொல்றியா?"ன்னார். ஆனா அச்சு பிசகாம செஞ்சு குடுத்தார்.

இடிக்கப் போற ஒரு பழைய சுவர்லேர்ந்து கூட்டம் கிடைச்சுது. பழக்கமுள்ள ஒருத்தர் வந்து புழு அடைகளை அறுத்து, சட்டத்துல வச்சு வாழைநாரால கட்டினார். ரெண்டு மூணு நாள்ல தேனீங்களே மெழுகு வச்சு ஒட்டிக்கிச்சு, நாரை அறுத்து வெளிய தள்ளிடுச்சு. ஸ்டாண்டு காலுக்கு அடியில எறும்பு ஏறாம தண்ணிக் கிண்ணம். மழைக்காலத்துல சர்க்கரைத் தண்ணி. வாரம் ஒரு தடவை மட்டும் தொறந்து பார்க்கறது. (முன்னாடி தினமும் தொறப்பேன், அதுவும் ஒரு தப்பு.)

பக்கத்துக் கொல்லைக்காரர் மருந்து அடிக்கிறவர். அவர்கிட்ட போய், "அண்ணே, அடிக்கிறதா இருந்தா சாயந்திரமா அடிங்க, முன்னாடியே சொல்லுங்க, வாசலை மூடிக்கிறேன்"னு கேட்டேன். ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனா போன வாரம் போன் பண்ணிச் சொல்லிட்டுத்தான் அடிச்சார். இது எனக்குப் பெரிய விஷயம். கும்மிடிப்பூண்டி வரைக்கும் ஃபேக்டரியா இருக்கிற மாவட்டத்துல, ஒரு கூட்டம் பொழைக்கிறது பெட்டியால மட்டும் இல்ல, சுத்தியிருக்கிற நாலு பேராலயும்தான்.

நாலு மாசம் ஆச்சு. 7 சட்டத்துல 6 நெறைஞ்சாச்சு. தேன் அறை இன்னும் ஏத்தல, முருங்கை நல்லா பூக்கட்டும்னு இருக்கேன். முதல் வருஷம் தேன் எடுக்கப் போறதில்லன்னு முடிவும் பண்ணிட்டேன். அதுங்களே சாப்பிடட்டும்.

ஆயாதான் தினம் காலையில பெட்டிக்கு எதிர்ல குந்திக்கினு ரிப்போர்ட் தர்றாங்க. நேத்து சொன்னது: "இந்த வூடு சரியா கீதுடா. போவாது."

பி.கு: தேன் கேட்டு மெயில் அனுப்பின மூணு பேருக்கும்: அடுத்த வருஷம் பார்க்கலாம் மக்கா. உங்க ஊர்ல யாராவது பழைய பானைக்கூடோ, நியூட்டன் பெட்டியோ வச்சிருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க.