ஸ்டார்லெட் வாங்கலாமா? மாத்தளை வீதியில் பழைய கார்களின் கதை

மாத்தளையில் வண்டிக்கும் வரிக்கும் இடையிலான பகை பழையது. 1848இல் ஆளுநர் டொரிங்டனின் நிர்வாகம் துப்பாக்கி, நாய், கடை, வண்டி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரி விதித்தது. போதாக்குறைக்கு வீதிச் சட்டம் ஒன்றும் வந்தது. வயது வந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாட்கள் வீதி வேலையில் கூலியின்றி உழைக்க வேண்டும்; இயலாதவர்கள் பணம் கட்ட வேண்டும். கோப்பித் தோட்டங்களுக்கு வீதி தேவை, அதற்கான வியர்வையைக் கிராமத்தவர் சிந்தட்டும் என்பதே அதன் சாரம். ஜூலை இறுதியில் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா முடிசூடிக்கொண்டார். புரன் அப்புவின் படை மாத்தளைக்குள் புகுந்தது. ஆகஸ்ட் 8ஆம் திகதி புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டதோடு கிளர்ச்சி ஏறத்தாழ அடங்கிற்று. வீதிகள் எஞ்சின.

மாத்தளையை ஊடறுத்துச் செல்லும் வடக்கு வீதிக்கு இன்று ஏ-9 என்று பெயர். மன்னார்க் கரையில் இறங்கிக் காடு கடந்து கால்நடையாக வந்த நம் முன்னோர், மலைநாட்டின் வாசலாகக் கண்டதும் மாத்தளையைத்தான். அந்த வருகையின் 200 ஆண்டு நிறைவையொட்டி 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபவனி நடந்ததை வாசகர்கள் அறிவர். இங்கே இரயில் வந்தது 1880இல். கார்கள் இருபதாம் நூற்றாண்டில் வந்தன. முதலில் துரைமாரின் பங்களாக்களுக்கு, நெடுங்காலம் கழித்தே நம்மவர் வீடுகளுக்கு.

இத்தனை பீடிகைக்கும் காரணம் ஒரு மின்னஞ்சல். உக்குவளையிலிருந்து ஓர் இளைஞர் எழுதியிருக்கிறார். கண்டியில் பணி. 1990களின் டொயோட்டா ஸ்டார்லெட் ஜீ.டி. ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். ‘ஐயா, இதை நம்பி நாள்தோறும் வேலைக்குப் போய்வரலாமா?’ என்று கேட்கிறார். நான் பேராதனையில் கலைப் பட்டம் பெற்றவன், மெக்கானிக் அல்லன். ஆனால் கேள்வியில் பாதி இயந்திரம் பற்றியது என்றால் மறுபாதி வரலாறு பற்றியது. அந்தப் பாதிக்குப் பதில் சொல்ல முயல்கிறேன்.

அவர் விரும்பும் வகைக்கு ஆங்கிலத்தில் ‘ஹொட் ஹட்ச்’ என்று பெயர். பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் சாதாரணக் குடும்பக் கார். ஆனால் மூடியைத் திறந்தால் உள்ளே வலுமிக்க எஞ்சின். பெயர் பின்னால் வந்தது. அந்தக் குணம் 1961இன் மினி கூப்பரிலேயே இருந்தது. எனினும் உலகை மயக்கியது ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் கோல்ஃப் ஜீ.டி.ஐ. 1975இல் பிராங்ஃபர்ட் கண்காட்சியில் அறிமுகமாகி 1976இல் விற்பனைக்கு வந்த அதன் எஞ்சின் 1.6 லீற்றர், 110 குதிரைவலு. 5,000 கார்கள் போதும் என்று கணக்கிட்டே தொடங்கினார்கள். விற்பனை இலட்சங்களில் போயிற்று.

காலத்தைக் கவனியுங்கள். 1973இல் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்தபின் ஐரோப்பியர் பெரிய கார்களைக் கண்டு அஞ்சத் தொடங்கியிருந்தனர். சிறிய காரிலேயே வேகத்தின் இன்பத்தையும் பெறலாம் என்று அவர்களுக்குக் காட்டியது இந்த வகை. அதே எண்ணெய் நெருக்கடி நம்மிடம் வேறு முகத்தோடு வந்தது. பாணுக்கு வரிசை, அரிசிக்குக் கட்டுப்பாடு, அந்நியச் செலாவணிக்குப் பஞ்சம். கார் இறக்குமதி 1960களின் தொடக்கத்திலிருந்தே இறுக்கப்பட்டிருந்தது. 1970களில் கதவு முற்றாகவே சாத்தப்பட்டது போலிருந்தது. அவர்களுக்குப் புதிய வகைக் கார் ஒன்றைத் தந்த நெருக்கடி, நமக்குப் பழைய கார்களை இன்னும் இறுகப் பற்றிக்கொள்ளக் கற்றுத் தந்தது.

என் சிறுவயதில் மாத்தளை நகரில் வாடகைக் கார் என்றால் மொறிஸ் மைனர் அல்லது ஒஸ்ரின். என்னைவிட மூத்த கார்கள் அவை. உதிரிப்பாகம் வாங்க வழியில்லை. ஆகவே கராஜ் பாஸ்மார் அதைத் தாமே செய்தார்கள். லேத்தில் கடைந்தார்கள், பித்தளையை ஒட்டினார்கள், லொறியின் இறப்பரை வெட்டிப் பொருத்தினார்கள். ஒரு காரின் நம்பகத்தன்மை அந்த நாட்களில் தொழிற்சாலையில் உருவானதன்று. கிறீஸ் படிந்த சாரத்தோடு காருக்கடியில் கிடந்த மனிதரிடம் இருந்தது. அந்தத் திறமை வீண்போகவில்லை. 1990களில் மொறிஸ் மைனரின் உடற்தகடுகள் இலங்கையில் செய்யப்பட்டு, அந்தக் கார் பிறந்த பிரித்தானியாவுக்கே ஏற்றுமதியாயின!

இங்கே இலக்கத் தகட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர மனம் வரவில்லை. 1957இல் ஆங்கில எழுத்துகளின் இடத்தைச் சிங்கள ‘ஸ்ரீ’ பிடித்தது. தமிழர் அதன்மேல் தார் பூசினார்கள். 1958இல் அந்த எதிர்ப்பு மலையகத்துக்கும் பரவி, பொகவந்தலாவையில் தோட்டத் தொழிலாளர் இருவர் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியாயினர். காலப்போக்கில் ஸ்ரீ வரிசை போய் வெறும் இலக்க வரிசை வந்தது. 2000ஆம் ஆண்டிலிருந்து மீண்டும் ஆங்கில எழுத்துகள். இலங்கையில் பழைய கார் ஒன்றின் வயதைத் தகட்டைப் பார்த்தே ஊகிக்கலாம். அந்தத் தகட்டுக்குப் பின்னால் எவ்வளவு இரத்தம் இருந்தது என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை.

1977இல் ஜே.ஆர். ஜயவர்தனவின் திறந்த பொருளாதாரம் கதவை அகலத் திறந்தது. அதற்கு முன் உபாலி விஜேவர்தனவின் நிறுவனம் ஃபியற், மஸ்டா கார்களை இங்கேயே பொருத்தி விற்றிருந்தது. திறந்த சந்தையில் அந்த முயற்சி நிலைக்கவில்லை. ஜப்பானிலிருந்து பாவித்த கார்கள் கப்பல் கப்பலாக வந்தன. ஏன் ஜப்பானிலிருந்து? அங்கும் வலப்பக்க ஸ்டீயரிங் என்பது ஒரு காரணம். மற்றொன்று, அந்நாட்டின் கட்டாய வாகனப் பரிசோதனை. அது செலவு மிக்கது. வயதேறும் காரை வைத்திருப்பதைவிட விற்றுவிடுவதே ஜப்பானியருக்கு வசதி. அவர்கள் கழித்துவிட்டது நமக்குப் புதுக்கார் ஆயிற்று. ‘ரீகண்டிஷன்’ என்ற சொல்லும் வீட்டுத் தமிழ் ஆயிற்று.

அந்த அலையில் வந்ததுதான் ஸ்டார்லெட். 1989 இறுதியில் வெளிவந்த ஈ.பி.82 என்ற தலைமுறைதான் நமது இளைஞர்களின் கனவு. சாதாரண ஸ்டார்லெட் அமைதியான பிராணி. ஜீ.டி. வேறு. அதே 1.3 லீற்றர் அளவு எஞ்சினில் டர்போ பூட்டி 135 குதிரைவலு எடுத்தார்கள். காரோ ஒரு தொன் எடைகூட இல்லை. ஜப்பானில் வாகன வரி எஞ்சினின் கொள்ளளவைப் பொறுத்து ஏறும். 1,500 கன சென்ரிமீற்றருக்குள் நின்றுகொண்டே வலுவைக் கூட்ட டர்போ உதவியது. மாத்தளையில் கிளர்ச்சிக்குக் காரணமான வரி, ஜப்பானில் ஒரு வேகக் காருக்குக் காரணமாயிற்று என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

ஆனால் இந்த எஞ்சின் ஜப்பானின் உயர்ரகப் பெற்றோலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. அங்கே அது பெரும்பாலும் 100 ஒக்டேன். இங்கே கிடைப்பது 92, 95. டர்போ எஞ்சினில் ஒக்டேன் குறைந்த பெற்றோல், நேரம் வருமுன்னே வெடிக்கப் பார்க்கும். தம்புள்ளை வெயிலில், நாலந்தை ஏற்றத்தில், லொறிக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்ந்தால் சூடும் சேரும். பிஸ்டனும் ஹெட் கெஸ்கட்டும் அப்படித்தான் போகின்றன. ஆகவே 95க்குக் குறைந்ததை ஊற்றலாகாது. பூஸ்டைக் கூட்டி வைத்திருந்தால் பழைய அளவுக்குக் குறைக்க வேண்டும்.

2020 மார்ச்சில் கதவு மறுபடியும் மூடியது. பெருந்தொற்று, பின் டொலர் வறட்சி. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதுவும் தலைசுற்றும் வரிகளோடு. அந்த ஐந்தாண்டுகளில் முப்பது வயதுக் கார்களின் விலை ஏறிய வேகத்தைக் கண்டோர் வாயடைத்துப் போயினர். வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விற்றவர்களை நானே அறிவேன். 2022 ஜூலையில் கியூ.ஆர். முறை தொடங்கியபோது காருக்கு வாரம் 20 லீற்றர். மாத்தளையிலிருந்து கண்டிக்குச் சுமார் 25 கிலோமீற்றர். போய்வர 50, வாரம் ஐந்து நாளுக்கு 250. லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடினால் ஏறக்குறைய 21 லீற்றர் வேண்டும். வேலைக்குப் போகவே போதாது! பழைய வேகக் காரை நம்பியவர்கள் பலர் அந்த மாதங்களில் இரயிலுக்கும் பஸ்ஸுக்கும் திரும்பினர். பங்கீடு 2023 செப்டெம்பரில் நீங்கியது.

ஆகவே என் பதில் இதுதான். மொறிஸ் மைனரைக் காப்பாற்றிய அதே நியாயம் ஸ்டார்லெட்டுக்கும் பாதி பொருந்தும். இதன் எஞ்சின் குடும்பம் கொரோலா, கோர்சா, டேர்சல் கார்களிலும் இருந்தது. சாதாரண பாகங்கள் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் அகப்படும், கை பழகிய பாஸ்மாரும் உண்டு. பொருந்தாத பாதி, டர்போவும் அதன் கூட்டமும். அவை அரிது, விலையும் அதிகம். இன்னொன்றும் உண்டு. மொறிஸ் மைனரை வைத்திருந்தவர் அதைப் பிள்ளைபோல் பொத்திப் பொத்தி ஓட்டினார். ஜீ.டி.யை வாங்கியவர் எதற்காக வாங்கினார்? விரட்டத்தானே! ஐந்தாறு கை மாறிய காரில் ஐந்தாறு பேரின் இளமை எழுதப்பட்டிருக்கும்.

முதலில் பதிவுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எஞ்சின் இலக்கத்தையும் சேசிஸ் இலக்கத்தையும் ஒப்பிடுங்கள், தம்பி. சாதாரண ஸ்டார்லெட்டில் டர்போ எஞ்சினைப் பூட்டி ஜீ.டி. என்று விற்பதுண்டு. எஞ்சின் மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்படாதிருந்தால் நாளை தொல்லை உங்களுக்கு. விற்பவரிடம் ‘எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம்’ என்று சொல்லிவிட்டுப் போங்கள். குளிர்ந்த எஞ்சினை முடுக்கும்போது நீலப் புகை வந்தால் டர்போவோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. நான்கு சிலிண்டர்களிலும் அமுக்கத்தை அளக்கச் சொல்லுங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு ரசீது இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். சக்கர வளைவுகளிலும் தரைக்கம்பளத்தின் கீழும் துரு பாருங்கள். பெயின்ட் பளபளப்பை நம்ப வேண்டாம்.

சொல்ல மறக்கலாகாதது ஒன்று. அந்தக் காலத்துச் சிறு கார்களில் எயார்பேக், ஏ.பி.எஸ். பெரும்பாலும் இல்லை. ஏ-9இல் பஸ் சாரதிகள் எப்படி முந்துகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். கையில் இருக்கும் பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். நாலில் ஒரு பங்கையாவது முதலாண்டுத் திருத்தத்துக்கு ஒதுக்குங்கள். அதில் முதற்செலவு பிரேக்கும் டயருமாக இருக்கட்டும். அவ்வளவு மிஞ்சாது என்றால் டர்போ இல்லாத சாதாரண ஸ்டார்லெட்டே உங்களுக்குரிய கார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இவ்வளவும் சரியாக அமைந்தால், விலை பேசுமுன் பாஸ் ஒருவரைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு ரத்தோட்டை வழியாக றிவஸ்டன் வரை ஓட்டுங்கள். கண்டி வீதியின் மேடுபள்ளம் எதையும் காட்டிக்கொடுக்காது; அந்தக் கொண்டையூசி வளைவுகள் காட்டிக்கொடுக்கும். ஏற்றம் முழுவதும் வெப்பமானியின் முள்ளில் ஒரு கண் இருக்கட்டும். மேலே நிறுத்தி, பத்து நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, முள் நடுவிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் நன்கு ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். மிதந்தால், விற்பவர் எவ்வளவு குறைத்தாலும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.