பெரம்பூர் பணிமனையும் கொதிகலன் வடிவமும்
1855-இல் லீட்சு நகரில் கட்டப்பட்ட ‘ஃபேரி குவீன்’ நீராவி எஞ்சின், பெரம்பூர் ரயில் எஞ்சின் பணிமனையில் சீரமைக்கப்பட்டு 1997-இல் மீண்டும் ஓடியது. இத்தகைய எஞ்சினில் கடினமான பகுதி கொதிகலன்தான்.

தொடக்ககால எஞ்சின்களில் சூடான புகை ஒரே அகன்ற குழாய் வழியே நீரினூடே சென்றது. வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கியில் வீணானது. 1829-இல் இசுடீவன்சனின் ‘ராக்கெட்’ எஞ்சினில் 25 சிறு செப்புக் குழாய்கள் பொருத்தப்பட்டன. வெப்பம் ஏற்கும் பரப்பு பெருகியது. ஃபேரி குவீனும் இந்த வழிவந்ததே.

ஆனால் குழாய்களை அளவுக்கு மீறி நெருக்க முடியாது. நீராவிக் குமிழிகள் மேலெழவும், குளிர்ந்த நீர் கீழிறங்கவும் இடைவெளி வேண்டும். இல்லையேல் வெப்பச்சலனம் தடைப்பட்டு உலோகம் அளவுக்கு மீறிச் சூடாகும். கடின நீரின் உப்புப் படிவு அவ்விடைவெளியை மேலும் குறைக்கும். பழைய கொதிகலனைத் திருத்துவோர் அஞ்சுவது இதற்கே.