சின்ன காலேஜ்ல கல்ச்சுரல்ஸ் நடத்துறது எப்படி? பாட்டு உரிமை முதல் பஸ் டைம் வரை... முழு விவரம்

பொங்கல் விடுமுறை முடிந்ததும் கல்லூரி நோட்டீஸ் போர்டுகளில் ஒரே மாதிரி அறிவிப்புகள் வர ஆரம்பித்துவிடும். ஆண்டு விழா, முத்தமிழ் விழா, கல்ச்சுரல்ஸ். சென்னை ஐஐடியின் சாரங், திருச்சி என்ஐடியின் ஃபெஸ்டெம்பர் பற்றி எல்லோருக்கும் தெரியும். ஆனால் எழுநூறு, எண்ணூறு பேர் படிக்கிற ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இதே விழா எப்படி நடக்கிறது? யார் செலவு செய்வது, எதற்கு அனுமதி வேண்டும்?

முதல்ல, என்னென்ன போட்டி?

பொதுவாக இரண்டாகப் பிரிப்பார்கள். கோலம், மெஹந்தி, கவிதை, ஓவியம், அடுப்பில்லா சமையல் எல்லாம் 'ஆஃப் ஸ்டேஜ்'. பாட்டு, நடனம், மைம், ஸ்கிட், அடாப்ட்யூன் எல்லாம் 'ஆன் ஸ்டேஜ்'. அடாப்ட்யூன் தெரியாதவர்களுக்கு: ஒரு பாட்டின் வரிகளை இன்னொரு பாட்டின் மெட்டில் பாட வேண்டும். கேட்க காமெடியாக இருக்கும், பாடிப் பார்த்தால்தான் கஷ்டம் புரியும்.

சின்ன கல்லூரியில் பெரும்பாலும் துறைகளுக்கு இடையேதான் போட்டி. தமிழ்த் துறைக்கும் வணிகவியலுக்கும் சுழற்கேடயத்துக்காக நடக்கும் சண்டை, வெளியூர் அணிகள் வரும் போட்டியை விட சூடாகவே இருக்கும்.

சினிமா பாட்டுக்கு ஆடலாமா?

பலரும் யோசிக்காத கேள்வி இது. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவில் கல்வி நிறுவனங்களுக்கு ஒரு விலக்கு இருக்கிறது. கல்லூரி நடவடிக்கையின் பகுதியாக, அங்கு படிக்கும் மாணவர்களும் வேலை பார்ப்பவர்களும் பாடினாலோ, நாடகம் போட்டாலோ அது உரிமை மீறல் ஆகாது. ரெக்கார்டு செய்யப்பட்ட பாட்டை ஒலிக்க விடுவதற்கும், படம் திரையிடுவதற்கும் கூடுதலாக ஒரு நிபந்தனை உண்டு. பார்ப்பவர்கள் மாணவர்கள், ஊழியர்கள், பெற்றோர், கல்லூரியோடு தொடர்புடையவர்கள் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டும்.

அதாவது பென் டிரைவில் பாட்டைப் போட்டு உங்க காலேஜ் பசங்க ஆடுற ஆண்டு விழாவுக்கு சிக்கல் இல்லை. வெளியாட்களுக்கு டிக்கெட் விற்று, டிஜே வைத்தால் கதை வேறு. அப்போது இசை உரிமம் பற்றி முன்கூட்டியே விசாரித்துவிடுவது நல்லது. இன்னொன்று: விழா வீடியோவை யூடியூபில் போட்டால் இந்த விலக்கு அங்கே வந்து காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். மேடையில் ஆடுவது ஒன்று, அதை உலகத்துக்கே ஒளிபரப்புவது இன்னொன்று.

மைக் செட்டுக்கு அனுமதி வேணுமா?

வேண்டும். ஒலி மாசு விதிகள் 2000-ன்படி, ஒலிபெருக்கி வைக்க எழுத்துப்பூர்வ அனுமதி பெற வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. மருத்துவமனை, நீதிமன்றம், கல்வி நிறுவனத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்க இந்த விதிகளில் இடம் இருக்கிறது. கல்லூரியே அந்தப் பட்டியலில் வருவது கொஞ்சம் வேடிக்கைதான். பக்கத்தில் ஆஸ்பத்திரியோ பள்ளிக்கூடமோ இருந்தால், ஸ்பீக்கரை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்பதையும் முதலிலேயே முடிவு பண்ணிவிடுங்கள்.

கூட்டம்: இதுல மட்டும் அலட்சியம் வேண்டாம்

2023 நவம்பர் 25. கேரளாவின் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் விழாவை ஒட்டி திறந்தவெளி அரங்கில் இசை நிகழ்ச்சி. வெளியே காத்திருந்த கூட்டம் மழை வந்ததும் மொத்தமாக உள்ளே ஓடியது. படிக்கட்டில் விழுந்து, மிதிபட்டு 4 பேர் உயிரிழந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் பாட்டு கேட்க வந்த இளைஞர்கள்.

"நம்ம காலேஜ் சின்னது, அவ்வளவு கூட்டம் வராது" என்பது சரியான பதில் இல்லை. யூடியூப் பிரபலமோ சின்னத்திரை நட்சத்திரமோ வருகிறார் என்று இன்ஸ்டாவில் ஒரு ஸ்டோரி போனால், சுற்றுவட்டாரமே கேட்டில் நிற்கும். உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் தனித்தனியாக இருக்க வேண்டும். அரங்கத்தில் எத்தனை பேர் உட்கார முடியும் என்று எண்ணி, அத்தனை பேரைத்தான் விட வேண்டும். மழை வந்தால் கூட்டம் எங்கே ஒதுங்கும் என்று யாராவது ஒருவர் யோசித்திருக்க வேண்டும். காவல் நிலையத்துக்கும் முன்பே தகவல் சொல்லிவிட வேண்டும்.

காசு எங்கிருந்து வருது?

கல்லூரி ஒதுக்கும் தொகை கொஞ்சம், மாணவர்களிடம் வசூல் கொஞ்சம், மீதி ஸ்பான்சர். ஸ்பான்சர் என்றதும் பெரிய கம்பெனியை நினைக்க வேண்டாம். ஊரில் இருக்கும் ஜவுளிக்கடை, பேக்கரி, செல்போன் கடை, கோச்சிங் சென்டர்தான். பேனரில் பெயர், மேடையில் ஒரு நன்றி, அவ்வளவே. நேரடிப் பணத்தை விட பரிசுப் பொருளாகவோ, மதிய சாப்பாடாகவோ வாங்குவது எளிது. எதுவாக இருந்தாலும் ரசீது போட்டுவிடுங்கள். விழா முடிந்த பிறகு வரும் மனஸ்தாபத்தில் பெரும்பங்கு கணக்கில்தான்.

டைம்: பஸ் போயிடும்!

ஹாஸ்டல் இல்லாத கல்லூரியில் இதுதான் உண்மையான பிரச்சினை. கடைசி காலேஜ் பஸ் நாலரைக்குக் கிளம்பினால், கிராமத்திலிருந்து வரும் மாணவிகள் அதோடு போய்விடுவார்கள். சிறப்பு விருந்தினர் ஒரு மணி நேரம் லேட்டாக வந்து, இன்னொரு மணி நேரம் பேசினால், மூன்று வாரம் ரிகர்சல் பார்த்த குழு ஆடாமலே வீட்டுக்குப் போகும். பேச்சைக் குறைப்பதா, நடனத்தைக் குறைப்பதா என்றால், பல இடங்களில் இன்னும் நடனத்தைத்தான் குறைக்கிறார்கள். இது நியாயமே இல்லை. போட்டிகளைக் காலையிலும் விருந்தினர் உரையைக் கடைசியிலும் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இன்னொரு சின்ன விஷயம். செல்போனில் பாட்டு போடுவதாக இருந்தால் ஃபிளைட் மோடில் போடுங்கள். நடுவில் அம்மா கால் பண்ணுவார்.

ஜெயிச்சா அடுத்து என்ன?

இந்திய பல்கலைக்கழகங்கள் சங்கம் மண்டல, தேசிய அளவில் இளைஞர் விழாக்களை நடத்துகிறது. இணைப்புக் கல்லூரி மாணவர்கள் தங்கள் பல்கலைக்கழக அணியில் இடம்பிடித்து இதில் கலந்துகொள்ளலாம். இசை, நடனம், நாடகம், இலக்கியம், நுண்கலை என ஐந்து பிரிவுகள். வயது 25-க்குள் இருக்க வேண்டும். ஸ்கிட்டுக்கு 10 நிமிடம், மைமுக்கு 5 நிமிடம் என்று நேரம் கறாராக இருக்கும் என்பதால், கல்லூரி அளவிலேயே அந்த அளவுக்குப் பழகிவிடுவது நல்லது.

தேர்வு எப்போது என்று கல்லூரியின் நுண்கலை மன்றப் பொறுப்பாசிரியரிடம் கேளுங்கள். சுற்றறிக்கை சில நேரம் அலுவலகத்தோடு நின்றுவிடும். வெளியே போட்டிக்குப் போவதற்கு முன் 'ஓடி' கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போய், ஹால் டிக்கெட் வாங்கும் நாளில் கப்பைக் காட்டினால் யாரும் கேட்க மாட்டார்கள்.